கொஞ்சம் திரும்பி அப்படியே நின்றுவிடும் பூட்டு: ஸ்பூல் பின்னை எப்படிக் கையாள்வது?

கொட்டகலைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொழும்பில் வேலை செய்யும் மச்சான் மூலம் பிக் செட் ஒன்று (சாவியில்லாமல் பூட்டுத் திறக்கும் கம்பிகள்) வாங்கி, ஆறு மாதமாகப் பொழுதுபோக்காகப் பூட்டுத் திறந்து பழகுகிறாராம். சந்தையில் வாங்கிய சாதாரண இரும்புப் பூட்டுகள் நாலைந்து இப்போது ஐந்து நிமிடத்துக்குள் திறந்துவிடுகின்றன. அந்தத் தைரியத்தில் விலை கூடிய பித்தளைப் பூட்டொன்று வாங்கியிருக்கிறார். சிக்கல் அங்கேதான். "அண்ணே, உருளை கொஞ்சம் திரும்புது. தொறக்கப் போகுதுன்னு நினைக்கிறேன், அப்படியே நின்னுடுது. எந்தப் பின்னைத் தொட்டாலும் எல்லாம் செட் ஆன மாதிரிதான் இருக்கு. தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன், அதுக்குப் பொறகு இன்னும் மோசம். பூட்டு பழுதா, என் கை பழுதா? பழுது இல்லேன்னா இதையே அத்தையோட கடைக்குப் போட்டுரலாமா?"

பூட்டும் நன்றாக இருக்கிறது, கையும் நன்றாக இருக்கிறது தம்பி. திறக்கும் வழியில் முக்கால்வாசி வந்துவிட்டீர்கள். மிச்சமுள்ள கால்வாசிக்கு, இந்த ஆறு மாதத்தில் விரலுக்குப் பழக்கிய ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். உங்கள் பூட்டுக்குள் ஸ்பூல் பின் என்ற ஏமாற்றுப் பின் இருக்கிறது. எத்தனை என்று இங்கிருந்து சொல்ல முடியாது, ஒன்றாவது நிச்சயம்.

நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், பிட்டராக இருந்தவன். ரோலர், டிரையர் என்று பெரிய இரும்போடு மல்லுக்கட்டியே கை பழகியது. அந்தக் கை பூட்டுக்கு உதவாது என்பதை உணரவே எனக்கு ஒரு வருடம் ஆனது. அதனால் கீழே எழுதுவதில் பாதி, நான் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது.

சாதாரணப் பூட்டில் நடப்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்பூல் பின்னின் தந்திரம் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. சாவி நுழையும் உருளைக்குள் வரிசையாக நாலைந்து துளை. ஒவ்வொன்றிலும் சாவியைத் தொடும் கீழ்ப் பின், அதன்மேல் மேல் பின், அதற்கும் மேலே தலைமுடி மொத்தத்தில் ஒரு ஸ்பிரிங். உருளைக்கும் பூட்டின் உடம்புக்கும் நடுவிலுள்ள எல்லையை ஷியர் லைன் என்கிறோம். மேல் பின் எல்லை தாண்டி உருளைக்குள் காலை நீட்டிக்கொண்டு நிற்கிறவரை உருளை திரும்பாது. சரியான சாவி போட்டால் எல்லா இடத்திலும் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் எல்லையிலேயே பிரிகின்றன. லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1860-களில் தட்டைச் சாவியோடு காப்புரிமை வாங்கியது இந்த அமைப்புக்குத்தான். இன்றைக்கும் ஹட்டன் டவுனில் கடைக்குக் கடை தொங்கும் பூட்டுகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருப்பது அதே சரக்கு.

அந்தத் துளைகள் கண்ணுக்கு நேர்கோட்டில் தெரியும். உண்மையில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு விலகித்தான் இருக்கும். எந்த மெஷினும் அதைவிடச் சுத்தமாக மலிவு விலைக்குத் துளை போட்டுத் தராது. அதனால் சாவித்துளையில் மாட்டிய டென்ஷன் கம்பியால் உருளையை இலேசாகத் திருப்பும்போது எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகுவதில்லை. ஏதோ ஒன்றுதான் முதலில் மாட்டிக்கொள்ளும். அதைத் தேடிப்பிடித்துத் தூக்கினால் கிளிக் என்று எல்லையில் உட்காரும் (இதுதான் செட் ஆவது), உருளை ஒரு மயிரிழை நகரும், அடுத்தது இறுகும். நீங்கள் ஆறு மாதமாகச் செய்துவந்தது இதுதான்: இறுகியதைத் தேடு, தூக்கு, கிளிக்.

இப்போது மேல் பின்னைத் தையல்காரரின் நூல்கட்டை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் தடிப்பு, இடுப்பு ஒல்லி. நீங்கள் தூக்கும்போது அந்த ஒல்லி இடுப்பு ஷியர் லைனுக்கு நேராக வந்ததும், இடுப்பில் கிடைக்கும் வெற்றிடத்துக்குள் உருளை சரிந்துவிடும். கிளிக் சத்தமும் கேட்கும், உருளையும் திரும்பும், அதுவும் சாதாரணப் பின்னுக்குத் திரும்புவதைவிடத் தாராளமாகவே. ஆனால் நூல்கட்டையின் கீழ்த் தடிப்பு இன்னும் உருளைக்குள்ளேதான் இருக்கிறது. உருளை சரிந்து நிற்பதால் அந்தத் தடிப்பு மேலே வரவும் வழியில்லை. இதைத்தான் ஃபால்ஸ் செட் என்கிறார்கள். "திறக்கப் போகுது, அப்படியே நின்னுடுது" என்று நீங்கள் எழுதியது அட்சரம் பிசகாமல் இந்த நிலைதான்.

பூட்டே பொய் சொல்ல வேண்டும் என்ற யோசனை ஒன்றும் புதிதில்லை. லண்டனில் ஜோசப் பிராமா 1790-ல் தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி என்று எழுதிப் போட்டார். அந்த வகைப் பூட்டிலும் தேடுபவனை ஏமாற்றப் பொய்ப் பள்ளங்கள் வெட்டியிருந்தார்கள். 1851-ல் உலகக் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தபோது, 16 நாட்களில் பரவி மொத்தம் 51 மணித்தியாலம் ஆகியிருந்தது. நீங்கள் அரை மணித்தியாலம் போராடிவிட்டுப் பூட்டைக் கட்டிலில் எறிவதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்காகச் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஃபால்ஸ் செட்டில் நிற்கிறீர்கள். கம்பியை விடாமல், பிக்கை உள்ளே விட்டு ஒவ்வொரு பின்னையும் மிக இலேசாக அழுத்திப் பாருங்கள். தூக்கப் பார்க்க வேண்டாம், விசாரித்துவிட்டு வந்தால் போதும். உண்மையில் செட் ஆன பின் சும்மா இருக்கும். கீழ்ப் பின் மட்டும் ஸ்பிரிங் பலமில்லாமல் தொளதொளவென்று ஆடும், கொஞ்சம் மேலே போனால் கல்லில் முட்டியது போல நிற்கும். ஸ்பூல் இருக்கும் இடத்தில் அழுத்தும்போது வேறொன்று நடக்கும். உங்கள் மற்றக் கையிலுள்ள டென்ஷன் கம்பி, விரலைத் திருப்பித் தள்ளும். உருளை வந்த வழியே பின்னோக்கித் திரும்பப் பார்க்கும்.

அந்தப் பின்தள்ளலை எதிர்த்து அமுக்கிப் பிடிப்பதுதான் எல்லாரும் முதலில் செய்யும் தப்பு. கஷ்டப்பட்டுத் திருப்பிய உருளை பின்னுக்குப் போனால் மனசு கேட்காது, கை தானாக இறுக்கிவிடும். இறுக்கினால் கீழ்த் தடிப்பு எல்லையின் விளிம்பில் குத்திக்கொண்டு அசையாமல் நிற்கும். மேலும் அழுத்தினால் பிக் வளையும். நான் அப்படி வளைத்தது மூன்று, முறித்தது ஒன்று.

செய்ய வேண்டியது இது: ஸ்பூல் பின்னை அதே இலேசான அழுத்தத்தோடு தூக்கிக்கொண்டே, டென்ஷன் கம்பியை உருளை தள்ளும் அளவுக்கு மட்டும் பின்னுக்கு விடுங்கள். விரலை எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் எல்லாப் பின்னும் பொலபொலவென்று விழுந்துவிடும். ஏணியில் இறங்கும் குழந்தையின் முதுகில் கை வைத்திருப்பீர்களே, தள்ளவும் மாட்டீர்கள், எடுக்கவும் மாட்டீர்கள், அந்த மாதிரி. உருளை நேராகத் திரும்பிவரும்போது துளைகள் மறுபடி ஒன்றுக்கொன்று ஒத்து வரும், கீழ்த் தடிப்பு மேலே நழுவ இடம் கிடைக்கும், கிளிக். உடனே உருளை முன்னுக்கு ஓடி, பழைய ஃபால்ஸ் செட் இருந்த இடத்துக்கோ அதைத் தாண்டியோ போய் நிற்கும். அந்த ஸ்பூல் முடிந்தது.

பின்னுக்கு விடும்போது ஏற்கெனவே செட் ஆகியிருந்த வேறு பின் ஒன்று விழுந்துவிடலாம். விழும். நாலு ஸ்பூல் உள்ள பூட்டில் ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்கும், மழைக்காலத்தில் ஒழுகும் கூரைத் தகரம் மாதிரி. பயப்பட வேண்டாம். விழுந்ததை மறுபடி தேடி ஏற்றிவிட்டுத் தொடருங்கள். ஒரே ஸ்பூலில் திரும்பத் திரும்ப எல்லாம் விழுகிறது என்றால் அதை விட்டுவிட்டு, பின்தள்ளும் வேறொரு ஸ்பூலை முதலில் பாருங்கள். ஸ்பூல்களுக்குள்ளும் வரிசை உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள்: சில பூட்டுகள் இரண்டு பக்கமும் திரும்பித் திறக்கும். வலப்பக்கம் திருப்பும்போது இறுகும் வரிசை வேறு, இடப்பக்கம் வேறு. ஒரு பக்கம் பிடிவாதம் பிடிக்கும் பூட்டு மறுபக்கம் இரண்டு நிமிடத்தில் விட்டுக்கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

டென்ஷன் எவ்வளவு என்பதை எழுத்தில் சொல்வது கஷ்டம். நான் பார்க்கும் அடையாளம் நகம்தான். கம்பியை அழுத்தும் விரலின் நகம் வெளிறினால் அது அதிகம். நகம் தன் நிறத்திலேயே இருக்க வேண்டும். என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். ஒருநாள் நான் மேசையில் பூட்டோடு மல்லாடுவதைப் பார்த்துவிட்டு, "கொடு பார்ப்போம்" என்று வாங்கினார். எந்தப் பின் எங்கே என்று மட்டும் காட்டினேன். கொஞ்ச நேரத்தில், "இது ஏண்டா விரல பின்னால தள்ளுது?" என்றார். எனக்கு ஒரு வருடம் பிடித்த இடம் அது. கொழுந்தை இழுத்தால் நார் வரும், கிள்ளினால் ஒடியும் என்று பழகிய விரலுக்கு எதிரே என்ன நடக்கிறதென்று கேட்கத் தெரிந்திருக்கிறது. ஸ்பானர் பிடித்த என் விரலுக்குத் தெரியவில்லை.

குளிரையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்கழி, தை மாத விடியலில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படியும் நாட்களில், விறைத்த விரலோடு ஸ்பூல் பின்னைத் தேடுவது வீண்வேலை. ஒரு பிளேன் டீ ஊற்றி, கிளாசைக் கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் தொடங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இனி தேங்காயெண்ணெய். இங்கே எல்லார் வீட்டிலும் கீல் கிறீச்சிட்டாலும் பூட்டு இறுகினாலும் கை முதலில் போவது அந்தப் போத்தலுக்குத்தான். வெக்கையான நீர்கொழும்பில் பரவாயில்லை. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உறையத் தொடங்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,870 மீட்டர் அளவு உயரம், வருடச் சராசரி வெப்பம் 16 பாகைக்குப் பக்கம். கொட்டகலை அவ்வளவு குளிரில்லை என்றாலும் ராத்திரியில் போத்தலுக்குள் எண்ணெய் வெள்ளையாகக் கட்டிபடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பூட்டுக்குள்ளும் அதே கதை. மெல்லிய ஸ்பிரிங்குக்கு அந்தக் கொழுப்பைத் தள்ளிக்கொண்டு பின்னைக் கீழே இறக்கப் பலமில்லை. நீங்கள் தூக்கிய பின் தூக்கிய இடத்திலேயே நிற்கும். செட் ஆனதா, உறைந்ததா என்று கைக்கு வித்தியாசமே தெரியாது. "இன்னும் மோசம்" என்றது அதனால்தான். வெயில் ஏறிய பிறகு பூட்டு கொஞ்சம் பேசத் தொடங்கியிருக்குமே, கவனித்தீர்களா?

கழுவிவிடலாம். ஒரு டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பூட்டைச் சாவித்துளை கீழே பார்க்க ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் சாவியைப் பலமுறை போட்டு எடுத்து, அழுக்கு வருவது நிற்கும்வரை அலசி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். நெருப்புக்குக் கிட்டே வேண்டாம், மண்ணெண்ணெய் வாடை முழுதும் போகட்டும். பிறகு காரீயத் தூள், அதாவது கிராஃபைட், சாவியில் தடவி நாலைந்து முறை போட்டு எடுத்தால் போதும். அது கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், கறுப்புக் களியாகிவிடும். மழையில் வெளியே தொங்கும் பூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய்தான் என் தேர்வு, மேசையில் பழகும் பூட்டுக்குத் தூள்.

தொங்கு பூட்டுக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. சிலவற்றில் சாவியை விட்டதும் உருளை தானாகப் பழைய இடத்துக்குத் திரும்ப ஒரு ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். அந்த ஸ்பிரிங்கே எப்போதும் விரலைப் பின்தள்ளிக்கொண்டிருப்பதால், ஸ்பூல் தள்ளுவது அதற்குள் அமுங்கிப் போகும். கொஞ்சம் கூடுதல் டென்ஷனும் தேவைப்படும். இப்படிப்பட்ட பூட்டில் அழுத்துவதற்கு முன்னும் அழுத்தும்போதும் கம்பியில் வரும் வித்தியாசத்தைத்தான் தேட வேண்டும். முதலில் சாவியைப் போட்டு மெல்லத் திருப்பி, ஸ்பிரிங் எந்த இடத்திலிருந்து எவ்வளவு தள்ளுகிறது என்று கைக்குச் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். வளைகம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டே திறக்கப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், அது தாழ்ப்பாளை இறுக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. முடிந்தால் பூட்டை வைசில் பிடியுங்கள், இரண்டு பக்கமும் துணி வைத்து. கையில் பிடித்தால் பிடிக்கும் விரலும் டென்ஷன் விரலும் ஒன்றாக இறுகும், எது எதுவென்று மூளைக்குத் தெரியாமல் போகும்.

கம்பியும் கொஞ்சம் பாருங்கள். செட்டோடு வரும் டென்ஷன் கம்பிகள் பெரும்பாலும் சாவித்துளையின் அடியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சின்னப் பூட்டில் பிக் நுழையவே இடமிருக்காது. பஸ், லொறி வைப்பர் ரப்பருக்குள் இரண்டு மெல்லிய ஸ்டீல் பட்டை வரும். கராஜில் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதை வளைத்து, துளையின் பின்கள் இருக்கும் பக்கத்து விளிம்பில், முதல் பின்னுக்கு முன்னாலேயே நிற்கிற அளவு குட்டையாகச் செய்தால் பிக்குக்கு முழு இடமும் கிடைக்கும், பின்தள்ளலும் கைக்குத் துல்லியமாக வரும். பிக் முறிந்தால் கவலை வேண்டாம். இரும்பறுக்கும் ஹெக்ஸோ பிளேடின் தடிப்பு கிட்டத்தட்ட 0.6 மில்லிமீட்டர், பிக் செய்ய அளவான தகடு. கிரைண்டரில் தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். நீலம் பாய்ந்தால் அந்த இடம் மெதுவாகி வளையும்.

இவ்வளவும் படித்துவிட்டு நேராகப் பித்தளைப் பூட்டுக்கே போனால் மறுபடி குழப்பம்தான் வரும், ஏனென்றால் உள்ளே எத்தனை ஸ்பூல், எந்த இடத்தில் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த மாதிரிப் பூட்டுகளைப் பெரும்பாலும் கழற்றவும் முடியாது, பின் துளைகளை வெளியே பித்தளை வைத்து அடைத்துவிட்டிருப்பார்கள். அதைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். பழைய கதவு பூட்டின் சிலிண்டர் ஒன்று தேடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் நிறையக் கிடைக்கும், சாவியோடு கிடைப்பதாகப் பார்த்து எடுங்கள். பின்பக்கம் உள்ள கிளிப்பைக் கழற்றி, சாவியைப் போட்டுச் சற்றுத் திருப்பி, உருளையின் அதே பருமனுள்ள மரக்குச்சியால் உருளையைத் தள்ளிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். குச்சி இடைவெளி விடாமல் பின்னாலேயே போக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங்கெல்லாம் பாய்ந்துவிடும். இதை ஒரு சுளகுக்குள் வைத்துச் செய்யுங்கள். காம்பராவின் சிமெந்துத் தரையில் விழுந்த ஸ்பிரிங்கை நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மேல் பின் ஒன்றை எடுத்து, கை டிரில்லின் வாயில் பிடித்து ஓடவிட்டு, ஊசி அரத்தால் நடுவில் தேயுங்கள். பித்தளை, நிமிடத்தில் இடுப்பு விழுந்துவிடும். வீட்டில் செய்த ஸ்பூல் தயார். அதை மூன்றாவது துளையில் போட்டு, மற்றதெல்லாம் பழையபடி வைத்து மூடுங்கள். எங்கே இருக்கிறதென்று தெரிந்தே திறப்பதால் ஃபால்ஸ் செட் எப்படி இருக்கும், பின்தள்ளல் எப்படி வரும், கடைசிக் கிளிக் எப்படி வேறாகக் கேட்கும் என்று விரல் பாடம் பண்ணிக்கொள்ளும். ஒரு வாரம் அதே. பிறகு இரண்டு ஸ்பூல். பிறகு தங்கச்சியிடம் கொடுத்து, உங்களுக்குச் சொல்லாமல் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு "மூன்றும் ஐந்தும்" என்று சரியாகச் சொல்லும் நாளில் பித்தளைப் பூட்டை எடுங்கள்.

ஸ்பூலுக்கு அக்கா தங்கைகளும் உண்டு. மஷ்ரூம் பின் ஒரு பக்கம் சரிவாக ஒடுங்கியது, ஸ்பூல் மாதிரியே நடத்தினால் போதும், பின்தள்ளல் கொஞ்சம் மழுப்பலாக இருக்கும். செரேட்டட் பின்தான் தனி ஜாதி. அதில் பெரிய இடுப்பு கிடையாது, திருகாணியில் இருப்பது போல வரிவரியாகச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொரு வரியும் எல்லையில் மாட்டிக் கிளிக் சொல்லும். உருளை தாராளமாகத் திரும்பவும் திரும்பாது, பின்தள்ளவும் தள்ளாது. எந்தக் கிளிக் உண்மை என்றே தெரியாது. இதற்கு டென்ஷனை இன்னும் குறைத்து, ஒரு நேரத்தில் ஒரே கிளிக் மட்டும் தூக்கிவிட்டு அடுத்த பின்னுக்குப் போய்விட வேண்டும். ஒரே பின்னில் ஆசைப்பட்டு நாலு கிளிக் போனால் கீழ்ப் பின்னும் எல்லையைத் தாண்டிவிடும். சந்தேகமான பின்னை இலேசாக அழுத்துங்கள். உண்மையில் செட் ஆனது முட்டி நிற்கும், பொய்யாக நிற்பது மணல் அரைபடுவது போல இன்னொரு வரி ஏறும்.

அமெரிக்கன் லொக் 1100 என்ற அலுமினியப் பூட்டில் கீழ்ப் பின்களிலும் வரி வெட்டியிருப்பார்கள். எல்லை தாண்டிப் போன கீழ்ப் பின்கூட செட் ஆனது போல நடிக்கும். அது கைக்கு வந்தால் ஒரு தந்திரம்: எல்லாம் செட் போலத் தெரிந்தும் திறக்காவிட்டால் டென்ஷனை மிக மெல்ல விட்டு, விழும் கிளிக்குகளைக் காதால் எண்ணுங்கள். முதலில் விழுவது பெரும்பாலும் தாண்டிப் போனதுதான். அந்தப் பூட்டு திறந்த பிறகு வளைகம்பித் துளைக்குள் உள்ள திருகாணியைக் கழற்றினால் உருளை முழுதாக வெளியே வரும். பழகுபவருக்கு அதைவிட நல்ல பூட்டு குறைவு. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது வரும்போது சொக்லேட்டுக்குப் பதிலாக அதைக் கேளுங்கள்.

இந்தப் பின் கதையெல்லாம் செல்லாத பூட்டும் வீட்டில் இருக்கலாம். எங்கள் அப்பாயியின் தகரப் பெட்டியில் மாங்காய் வடிவில் ஒரு பழைய பூட்டு, திண்டுக்கல் பூட்டு. அவருடைய பெரியவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பிக்கை வைத்துக்கொண்டு மூன்று வாரம் அதனோடு சண்டை போட்டேன். உள்ளே பின்னே இல்லை, எல்லாம் லீவர் தகடு. அதற்குக் கருவியும் வேறு, கைப்பழக்கமும் வேறு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பார்த்தபோது அந்த மூன்று வாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நம்மூரில் பலர் நம்பி வாங்கும் கோத்ரெஜ் நவ்தால் பூட்டும் லீவர் வகைதான். அதில் ஸ்பூல் தேட வேண்டாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் எல்லா நாட்டிலும் சொல்லும் விதி இரண்டுதான்: உங்களுடையதல்லாத பூட்டைச் சொந்தக்காரர் சொல்லாமல் தொடாதீர்கள், பயன்பாட்டில் தொங்கும் பூட்டில், அது உங்களுடையதே ஆனாலும், பழகாதீர்கள். ஜெர்மனியில் 1997-லேயே இதற்குச் சங்கம் வைத்துப் போட்டி நடத்தத் தொடங்கிவிட்டார்கள். நாம் இருப்பது லயத்தில். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். யார் வீட்டிலாவது சில்லறைக் காசு காணாமல் போனால், "அவனுக்குத்தான் பூட்டுத் திறக்கத் தெரியுமே" என்று ஒரு வாய் சொன்னால் போதும். அதனால் நான் வாசலில், எல்லார் கண்ணிலும் படத்தான் உட்கார்ந்து பழகுவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கழற்றிக் காட்டுவேன். செட்டைப் பையில் போட்டுக்கொண்டு பயணம் போவதில்லை. ராத்திரி பஸ் ஸ்டாண்டில் பொலிஸ்காரருக்கு ஸ்பூல் பின்னைப் பற்றி விளக்கம் கொடுக்க எனக்கு ஆசையில்லை.

கடைசியாக அத்தையின் கடை. இந்தப் பித்தளைப் பூட்டை அங்கே போடாதீர்கள். பழகிப் பழகி உள்ளே பின் தேய்ந்திருக்கும், ஒருநாள் காலையில் சாவியே திருப்பாமல் அத்தை கடைவாசலில் நிற்க நேரும். கடைக்கு வாங்கும் பூட்டில் ஸ்பூல் பின் இருப்பது நல்லதுதான். ஆனால் கடை உடைக்க வருகிறவன் பிக்கோடு வருவதில்லை, அலவாங்கோடோ போல்ட் கட்டரோடோ வருவான். அவனுக்காகப் பார்க்க வேண்டியது, வளைகம்பி பதப்படுத்திய எஃகா, அதைச் சுற்றிக் கட்டர் வாய் நுழையாத அளவுக்கு இடைவெளி குறைவா, உள்ளே வளைகம்பியின் இரண்டு காலையும் இரும்புக் குண்டு பிடிக்கிறதா என்பதுதான். அதற்கும் முன்னால் கதவைப் பாருங்கள். நம் பக்கத்துப் பலகைக் கடைகளில் கொண்டியை நாலு சின்னத் திருகாணியில் நிறுத்தியிருப்பார்கள், அவற்றின் தலையும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், பூட்டு பூட்டியபடியே கையோடு வந்துவிடும். அந்தத் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, பலகையைத் துளைத்து உட்பக்கம் நட்டு முடுக்கிய போல்ட் போடுங்கள், கொண்டி மடங்கும்போது போல்ட் தலைகளை மூடுகிற மாதிரி. அதை முடித்துவிட்டுப் பூட்டு விலை விசாரிக்கலாம்.